கொங்கிலிருந்து கடலுக்குச் சைக்கிளில்: மேற்கே கொடுங்கல்லூரா, கிழக்கே பூம்புகாரா?

ஜூன் 8, திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி

அலுவலக நண்பர்களும் குடும்பத்தாருமாக நாங்கள் ஒரு குழு. பழைய ஊர்களையும் கடற்கரையையும் சைக்கிளிலேயே பார்த்துவர ஆசை. வழிகாட்டி, பின்னால் வரும் வண்டி, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்து தருகிறார்கள். கையில் கூகுள் மேப் இருக்கும்போது வழிகாட்டிக்கு எதற்குக் காசு என்று எங்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள். கொச்சிப் பக்கமா, பூம்புகார்ப் பக்கமா என்பதிலும் முடிவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

இரண்டு வழிகளிலும் வழிகாட்டியுடன் சென்றிருக்கிறேன். எந்தக் கடற்கரை என்று கேட்பதற்கு முன், எங்கிருந்து மிதிக்கத் தொடங்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஏற்பாட்டாளர்கள் பலர் கொச்சி வரையோ தஞ்சாவூர் வரையோ வேனில் கொண்டுபோய் விட்டு, அங்கேதான் சைக்கிளைக் கையில் கொடுக்கிறார்கள். கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு அது வேண்டியதில்லை. கடலுக்குப் போகும் இரண்டு பழைய வழிகள், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் கிழக்கே காவிரிக் கரை வழியாகவும், நம் வாசலிலிருந்தே புறப்படுகின்றன. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் பொறித்திருக்கும் சோழர் காலக் கல்வெட்டு, கணவாயை நோக்கிச் சென்ற பாதையை இராசகேசரிப் பெருவழி என்று குறிப்பிடுகிறது. அந்தப் பாறையிலிருந்து புறப்பட்டு, நாட்கள் சில கழித்துக் கடலைப் பார்ப்பவருக்கு, இடையில் வரும் ஒவ்வோர் ஊரும் ஏன் அங்கே இருக்கிறது என்பது காலுக்கே தெரிந்துவிடும். வேனில் தூங்கிக்கொண்டே கடந்தவருக்குக் கோட்டையும் கோயிலும் தனித்தனிப் படங்களாகத்தான் மனத்தில் தங்கும்.

கோவையிலிருந்து கொச்சிக் கோட்டைப் பகுதி வரை, நான் கீழே சொல்லப்போகும் சுற்றுவழியில், ஏறத்தாழ 220 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர்.

ஜூன் 10

வழிகாட்டிக்கு எதற்குக் காசு என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

பாதை காட்டுவதற்கு வழிகாட்டி தேவையில்லை, அதைக் கைப்பேசி செய்துவிடும். நிறுத்துவதற்குத்தான் அவர் தேவை. காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ள படியூர் வழியாக உங்களில் எத்தனையோ பேர் தினமும் வேலைக்குப் போய்வருகிறீர்கள். பச்சைக்கல் எனப்படும் பெரில் கிடைத்த ஊர் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அங்கே சுரங்கம் வெட்டிக் கல் எடுத்தார்கள். சென்னிமலைக்கு அப்பால், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அங்கே விரிவான அகழாய்வு தொடங்கியது. கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்களும், இரும்பு உருக்கிய இடங்களும், தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. கோவை வெள்ளலூரில் 1842இல் உரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. கல் இங்கிருந்து போயிற்று, காசு அங்கிருந்து வந்தது. இந்த மூன்று இடங்களையும் ஒரே கதையாகச் சொல்லி, அதன் பிறகு உங்களைக் கடலை நோக்கி மிதிக்கச் செய்கிறவர்தான் வழிகாட்டி. கொடுமணலில் கண்ணுக்குத் தெரிவது காடும் மேடும் மட்டுமே. யாரும் சொல்லாவிட்டால் அங்கே இறங்கவே மாட்டீர்கள்.

ஜூன் 11

முசிறிக்குப் போவதென்றால் குளித்தலையிலிருந்து பாலம் கடந்தால் போதுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காவிரிக்கு வடகரையில் குளித்தலைக்கு எதிரே இருக்கும் முசிறி வேறு, சேரர் துறைமுகமான முசிறி வேறு. பின்னது கேரளத்தில் கொடுங்கல்லூர் வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே பறவூர் அருகே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பழைய முசிறி அந்தப் பகுதியில்தான் இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

ஜூன் 15

காற்றைப் பற்றி யாருமே எழுதவில்லை. சைக்கிளில் போகிறவருக்குக் காற்றுதான் முதல் செய்தி.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாயில் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று நம் சீமை முழுவதும் கிழக்கு நோக்கி அடிக்கிறது. காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டிருப்பதும் அதற்காகத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்த நமக்கு, அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே போக வேண்டும் என்று தோன்ற வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நிலைமை தலைகீழாகிறது. கீழைக்காற்று கணவாய்க்குள் புகுந்து பாலக்காட்டையும் திருச்சூரையும் நோக்கி வேகமாக வீசும். அப்போது வாளையாறு கடந்து மேற்கே மிதிப்பது எளிது. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் சரிவும் சேர்ந்து உதவும்.

ஆகவே மேற்கா கிழக்கா என்ற கேள்வியை எந்த மாதம் என்று மாற்றிக் கேட்க வேண்டும். தையில் மேற்கு, ஆடியில் கிழக்கு. ஆடியில் கொச்சிக்குப் போக நினைப்பவர்கள் எதிர்காற்று, மழை, கொந்தளிக்கும் கடல் மூன்றையும் சேர்த்தே எதிர்கொள்வார்கள்.

ஜூன் 16

நேற்று எழுதியதில் இரண்டைச் சேர்க்க வேண்டும், இரண்டும் கிழக்கு வழிக்கு எதிரானவை.

முதலாவது வெயில். காலையில் கிழக்கு நோக்கிப் போகிறவருக்குச் சூரியன் நேர் எதிரே நிற்கும். ஏழு மணிக்கு மேல் கண் கூசும். அதைவிட முக்கியமாக, எதிரே வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெளிவாகத் தெரிந்தாலும், பின்னால் வருகிறவர் வெயிலை எதிர்த்துப் பார்த்துக்கொண்டு வருகிறார். வழிகாட்டி கடைசியில் வர வேண்டும், ஒளிரும் மேலுடை போட்டிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மேற்கே போகிறவருக்குக் காலை வெயில் முதுகில் விழும், பாதை தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, ஆடிக் காற்றின் துணை கடல் வரை வராது. திருச்சியைத் தாண்டினால் அதன் வேகம் குறைகிறது; மயிலாடுதுறைக்குக் கிழக்கே பிற்பகலில் கடற்காற்று எதிர்முகமாக வீசத் தொடங்கிவிடும். டெல்டாவில் ஆடி மாத வெக்கையும் கடுமை. விடியுமுன் புறப்பட்டுப் பத்து மணிக்குள் சைக்கிளை நிறுத்திவிடுகிற ஒழுங்கு இருந்தால் மட்டுமே கிழக்கு வழியைத் தேர்ந்தெடுங்கள். வளர்ந்தவர்கள் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவார்கள்; குழந்தைகளுடன் போகிறவர்கள் தைக்குக் காத்திருந்து மேற்கே போவதே நல்லது.

ஜூன் 22

பின்னால் வரும் வண்டி இருந்தால் கவலையில்லை என்கிறார் ஒருவர். அந்த வண்டியால் பயணமே கெட்டுப்போனதையும் கண்டிருக்கிறேன். நான் முதலில் சேர்ந்த ஏற்பாட்டில் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு ஏற்றத்திலும், ஒவ்வொரு சந்தைக் கூட்டத்திலும் எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். திட்டத்தில் எழுதியிருந்த தூரத்தில் பாதியைக்கூட நாங்கள் மிதிக்கவில்லை. பார்க்கும் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியிருந்ததால், அவற்றை முடிப்பதற்கு வண்டி தேவைப்பட்டது. முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு நாளில் மிதிக்கும் தூரம் எவ்வளவு, அதில் வண்டியில் கடக்கும் பகுதி எது? நல்ல வழிகாட்டி இந்தக் கேள்விக்குத் தாளைப் பார்க்காமல் பதில் சொல்வார்.

வண்டியில் கடக்க வேண்டிய இடமும் உண்டு. பாலக்காட்டிலிருந்து நெடுஞ்சாலையிலேயே திருச்சூர் போனால் குதிரான் மலையில் சுரங்கச் சாலை வரும். கனரக வாகனங்களோடு அதற்குள் சைக்கிளில் போவதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். அதைத் தவிர்க்கத்தான் சுற்றுவழி. பாலக்காட்டில் ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு, பாரதப்புழைப் பக்கமாக ஒற்றப்பாலம், சொர்ணூர் என்று போங்கள். சொர்ணூரில் ஆற்றைக் கடந்தால் செறுதுருத்தி. கதகளி முதலிய கலைகளைக் கற்பிக்க 1930இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் அங்கே இருக்கிறது. காலையில் போய்ச் சேர்ந்தால் மாணவர்கள் பயிற்சி செய்யும் செண்டை ஒலி சாலை வரை கேட்கும்.

ஜூன் 29

கடற்கரை மட்டும் போதும், வரலாறு வேண்டாம் என்ற கருத்துக்கு: கடற்கரையில் சைக்கிள் ஓட்டுவது விளம்பரப் படத்தில்தான் அழகு. ஈரமணலில் சிறிது தூரம் ஓடும். பிறகு செயினில் இருக்கும் எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் அரைபடும் சத்தம் வரும். அன்று மாலையே நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி, பழந்துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்து, மறுபடி எண்ணெய் விடாவிட்டால், உப்புக்காற்றில் ஓரிரு நாளில் செம்மண் நிறத்தில் துரு ஏறிவிடும். எங்கள் வழிகாட்டி இரவு உணவுக்கு முன் எல்லாரையும் உட்காரவைத்து இதைச் செய்ய வைத்தார். முணுமுணுத்தவர்கள்கூடப் பயணம் முடியும்போது பல்சக்கரத்தின் பற்களை எண்ணும் அளவுக்குத் தம் சைக்கிளை அறிந்திருந்தார்கள்.

கடற்கரையை அடையும் பாதைதான் உண்மையான இன்பம். மேற்கு வழியில், பறவூரிலிருந்து செறாயிக் கடற்கரைக்குப் போகும்போது சாலையின் இருபுறமும் உப்பங்கழியும், நெல்லும் இறாலும் மாறி மாறி விளையும் பொக்காளி வயல்களும் வருகின்றன. அங்கிருந்து வைப்பின் தீவின் நீளத்தைத் தெற்காகக் கடந்து, அதன் முனையில் சைக்கிளோடு படகில் ஏறினால் கொச்சிக் கோட்டைப் பகுதியில் இறக்கிவிடுவார்கள். 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த தேவாலயமும், மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் ஆலயமும் அங்கே மிதிக்கும் தூரத்தில் இருக்கின்றன. தெருக்கள் குறுகல், கார்களைவிடச் சைக்கிளுக்குத்தான் அவை பொருத்தம்.

ஜூலை 3

சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற பழைய வழக்கை இங்கேயும் தொடங்கிவிட்டீர்கள். கொடுங்கல்லூரில் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அங்கேதான் வஞ்சி என்றார், கரூரில் வந்தவர் கரூர்தான் என்றார். நான் கரூர்ப் பக்கம் சாய்கிறேன், அதற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டுமில்லை. கரூரை ஒட்டிய புகளூரில், வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையில், சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேரர் மூன்று தலைமுறையை அது வரிசையாகச் சொல்கிறது. அமராவதி ஆற்றில் உரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. இரண்டு தரப்பையும் சொல்லிவிட்டுத் தன் முடிவையும் சொல்லும் வழிகாட்டியைத்தான் நான் மதிக்கிறேன்.

கிழக்கு வழியில் போனால் அந்த மலையை விடாதீர்கள். ஈரோட்டிலிருந்து கொடுமுடி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மகுடேசுவரர் கோயில் படித்துறையில் காலை நனைத்துவிட்டு, நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்தைக் கடந்தால் புகளூர். சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி, அந்தக் கற்படுக்கையில் கையை வைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் தலையணைபோல் சற்று மேடாக விட்டு, மற்ற இடத்தை வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். மிதித்துக் களைத்து வந்தவருக்கு அந்த மேட்டின் அருமை உடனே விளங்கும்.

ஜூலை 10

கரூரிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து தஞ்சாவூர் என்று நெடுஞ்சாலையைப் பிடித்துப் போகும் திட்டத்தை ஒருவர் இங்கே பகிர்ந்திருக்கிறார். கரூர், குளித்தலை, திருச்சிப் பகுதியில் வேறு வழி குறைவு. வாழைத் தோட்டங்களும் மாயனூர்க் கதவணையும் அந்தச் சாலையின் அலுப்பைத் தீர்த்துவிடும். திருச்சிக்குப் பிறகு நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். திருவானைக்காவிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, பிறகு தஞ்சாவூர் என்று போனால் தூரம் கூடுதலாகும். ஆனால் பாதை பெரும்பாலும் ஆற்றோடு போகும்.

வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கிறார்கள். நீர் போதிய அளவு இருக்கும் ஆண்டுகளில், ஆடியில் கல்லணையின் மதகுகளிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போவதை நேரில் பார்க்கலாம். அந்தத் தண்ணீரோடுதான் அடுத்த நாட்கள் முழுவதும் நீங்கள் போகப் போகிறீர்கள். மேட்டாங்காட்டில் கிணற்று நீரைக் கணக்குப் பார்த்துப் பாய்ச்சும் நமக்கு, சாலையோரம் வாய்க்காலில் கரை தளும்ப நீர் ஓடுவதைச் சைக்கிள் வேகத்தில் பார்ப்பது ஒரு தனிப் பாடம். நான் சென்றபோது உடன் வந்த பெருந்துறைக்காரர் ஒருவர் ஒவ்வொரு மதகிலும் இறங்கி நின்றார். வழிகாட்டி அவரை அவசரப்படுத்தவே இல்லை.

1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நான் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தாராசுரத்துச் சோழர் கோயிலுக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். கும்பகோணத்துக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஜூலை 19

பூம்புகாரில் என்ன இருக்கிறது, ஏமாற்றம்தான் என்று எழுதியவருக்கு. பூம்புகாரைக் கோட்டை கொத்தளம் தேடிப் போனால் ஏமாற்றம் வரும். ஈரோட்டில் அகண்டு ஓடும் காவிரி அங்கே ஒரு சிறு வாய்க்காலின் அளவில் கடலைத் தொடுகிறது. வழிநெடுக எத்தனை மதகு, எத்தனை கிளை, எத்தனை வயல் என்று மிதித்துப் பார்த்து வந்தவருக்கு அந்தச் சிறுமைக்குக் காரணம் தெரியும். காரில் வந்தவருக்கு அது வெறும் ஓடையாகத் தெரிவதில் வியப்பில்லை.

பூம்புகாரிலிருந்து தெற்கே இறங்கினால் தரங்கம்பாடி. கிழக்கு வழியின் முடிவாக நான் அதைத்தான் வைப்பேன். டென்மார்க் நாட்டார் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இந்த ஊரில்தான். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதற்கெல்லாம் முந்தியது கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நகர வாயிலுக்குள் நுழைந்தால் எல்லாம் ஒரே தெருவில் அடங்கிவிடும். இவ்வளவு நூற்றாண்டுகள் இவ்வளவு சிறிய இடத்தில் கிடப்பதால், வழிகாட்டி வாயைத் திறக்க வேண்டிய இடமும் இது, மூடிக்கொள்ள வேண்டிய இடமும் இது. எங்களுடன் வந்தவர் கோட்டையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பிற்பகல் முழுவதையும் எங்களிடமே விட்டுவிட்டார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. மீனவர் தெருக்களில் வேடிக்கை பார்க்கும் கூட்டமாகச் சைக்கிளில் நுழைய வேண்டாம். வீட்டு வாசல்களைப் படம் பிடிக்க வேண்டாம். இதை முன்கூட்டியே சொல்லாத வழிகாட்டி எனக்குத் தேவையில்லை.

ஜூலை 27

பஞ்சர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. நம் பக்கத்து வெள்வேல முள்ளும், சாலையோரச் சீமைக்கருவேல முள்ளும் டயரில் ஏறினால் உடனே காற்று போகாது. மெதுவாகக் கசிந்து, மறுநாள் காலையில் சக்கரம் தரையோடு கிடக்கும். டியூபை மாற்றுவதற்கு முன், டயரின் உட்புறத்தை விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்து, முறிந்து நிற்கும் முள்முனையைக் குறடால் பிடுங்க வேண்டும். அதைப் பிடுங்காமல் புதுடியூப் போட்டால் அதுவும் போய்விடும். உங்கள் வழிகாட்டிக்கு இது தெரியுமா என்பதைப் புறப்படும் முன் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வரலாறு மட்டும் பேசுகிறவர் போதாது.

மின்சார சைக்கிள் பற்றிய கேள்விக்கு: வயதானவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். எழுபது வயது அம்மா ஒருவர் அதில் எங்களோடு வந்தார். முன்னால் போய்விடாமல் குழுவின் வேகத்துக்கு இறங்கி வருவது ஒன்றுதான் அவருக்கு நாங்கள் வைத்த கட்டுப்பாடு.

ஆகஸ்ட் 2

தையில் மேற்கு வழி என்று திருப்பூர்க் குழு முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் இருப்பதால் முதல் நாள் கோவையிலிருந்து பாலக்காடு வரையுள்ள 50 கிலோமீட்டருக்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட வைக்காதீர்கள். முதல் நாள் தொடை பிடித்துக்கொண்டால், மறுநாள் பிள்ளைகள் வண்டியைத்தான் தேடுவார்கள். கடலில் எங்கே இறங்கலாம் என்பதை வழிகாட்டியும் அங்கே இருக்கும் உயிர்காப்பாளரும் சொன்ன பிறகுதான் யாரும் இறங்க வேண்டும் என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கிணற்று நீச்சல் தெரியும், அலை தெரியாது.

பெரியவர்கள் மட்டும் அடுத்த ஆடியில் கிழக்கே போகலாம் என்று சொல்லியிருப்பதும் நல்ல யோசனை. திரும்பி வருவதற்கு மயிலாடுதுறையிலிருந்து கோவை வரும் ஜன சதாப்தி இருக்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு என்று நீங்கள் மிதித்த ஊர்களையே அது திரும்பக் கடக்கும். சைக்கிள்களை வண்டியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டு, சன்னலோர இருக்கைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.